இருபது சென்டிமீட்டர்

போலாரம் ஏரிக்கரைக் காலனியில் ஒரு வீட்டின் விலை இருபது சென்டிமீட்டர். தரை வெள்ளக் கோட்டுக்குக் கீழே இருந்தால் வாசலில் சிவப்புக் குறி, பிறகு புல்டோசர். எந்த வீடு கீழே என்று சொன்னது சர்வேயர் சூசைராஜின் ட்ரோன் வரைபடம். பதினொரு வீடுகள். குறி போட நாளை காலையில் ஆட்கள் வருகிறார்கள்.

கடைசியாக ஒரு தடவை சரிபார்ப்போம் என்று, உயரம் பொறித்த பழைய அளவுக்கல்லைப் படத்தில் தேடினான். பொறித்த உயரத்தைவிட கல் இருபது சென்டிமீட்டர் கீழே கிடந்தது. படத்துக்கு ஆதாரமான நிலப்புள்ளிகளை அளந்த ஜி.பி.எஸ். கம்பத்தில் டேப்பை வைத்தான். ஸ்கூட்டரில் கொண்டுவர மடக்கிய கம்பம் முழுசாக நீளாமல் இடையிலேயே பூட்டிக்கொண்டிருந்தது. ஒன்று புள்ளி எட்டு மீட்டர். அவன் எழுதியதோ இரண்டு; அதனால் படத்தில் எல்லாத் தரையும் இருபது சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டது.

"என்ன தம்பி, திரும்பத் திரும்ப அளக்குறே?" கேட்டில் நின்ற கமலா கேட்டாள்; பதினொன்றில் ஒரு வீடு அவளுடையது. "மூட்டை கட்டணுமா, நக்கோவா, வேணாமா?"

"இருங்கக்கா," என்றான். பேகம்பேட் ஆபீசுக்குப் போன் போட்டு, கம்பத்தின் கதையைச் சொன்னான்.

"படம் சர்க்காருக்குப் போயாச்சு சூசை," என்றாள் மேனேஜர் லலிதா. "இப்ப தப்புன்னு சொன்னா உன் வேலை போயிடும். தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதான் மேடம். தப்பு என்னோடதுதான். எழுதிக்குங்க."

சாயங்காலத்துக்குள் திருத்திய படம் போனது. பதினொன்றில் ஒன்பது வீடுகள் கோட்டுக்கு மேலே ஏறின. இரண்டு ஏறவில்லை: ஒரு வீட்டுக்கு ஒன்பது சென்டிமீட்டர் குறைவு, கமலா வீட்டுக்கு நான்கு.