மார்க்கண்டு எப்போது சாப்பிட்டார்?

சாதகம் பொருந்தாமல் குழம்பிய கலியாணங்களைப் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையின் மீசை பிடிக்காமல் குழம்பியதும் உண்டு. கதைப்புத்தகத்தால் குழம்பியதைத் தர்மபுரத்தில்தான் பார்த்தேன்.

நான் வீரகத்தி, கலியாணத் தரகன். தர்மபுரத்தில் வயல் செய்யும் கனகலிங்கத்தாரின் மகள் அருந்ததிக்கு மாப்பிள்ளை தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. பிள்ளை தங்கம். ஆனால் அந்த வருடம் வன்னி முழுக்கக் கைமாறிக்கொண்டிருந்த ஒரு துப்பறியும் நாவல் அவளையும் பிடித்துக்கொண்டது. கொழும்பில் ஒரு கொலை, அதைக் கண்டுபிடிக்க சேகரன், மார்க்கண்டு என்று இரண்டு தனியார் துப்பறிவாளர்கள். பொம்பிளை பார்க்க வருகிறவனிடம், "அந்தக் கதை உங்களுக்கு எப்பிடி?" என்று அடுப்பு வேலையை விட்டுக் குசினி வாசலில் நின்று கேட்டுவிடுவாள். பொம்பிளை வாய் திறப்பதே வழக்கமில்லாத இடத்தில் இது என்ன கூத்து?

முதலில் வந்தவர் முல்லைத்தீவில் கந்தோர் உத்தியோகம், பேனா பிடிக்கிற வேலை. "வேலை வெட்டி இல்லாத ஆக்கள் வாசிக்கிறது" என்றார். அருந்ததி உள்ளே போய்விட்டாள். அடுத்தவர் வவுனியாக் கடைக்காரரின் மகன். அவர் நாவலை ரசித்து வாசித்தவர். சேகரன் சாய்வுக்கதிரையை விட்டு எழும்பாமலே மூளையால் கொலைகாரனைப் பிடித்ததைக் கைகாலை ஆட்டி விளக்கினார். "மார்க்கண்டு சும்மா ஓடித்திரியிற எடுபிடி" என்றார். தேறிவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

"கதிரையிலை இருந்து வேலை ஏவுற ஆள் எனக்கு வேண்டாம்" என்றாள் அருந்ததி.

கனகலிங்கத்தார் என்னை வாசல் படலையடிக்குக் கூட்டிப்போனார். "வீரகத்தி, இன்னும் ஒருக்காத்தான். அதுவும் சரிவரேல்லை எண்டால், அந்தக் கந்தோர்க்காரனுக்கே கட்டிக் குடுத்திடுவன். நீரும் இந்தப் படலைக்குள்ளை காலடி வைக்கப்படாது."

அந்தக் கந்தோர்க்காரனோடு இந்தப் பிள்ளை ஒரு நாள்கூடச் சிரிக்கமாட்டாள். விடக்கூடாது என்று அவளிடமே நாவலை இரவல் வாங்கினேன். சாதகக் குறிப்பைத் தவிர வேறெதையும் வாசிக்காத நான், பஸ் தரிப்பிடத்தில் இருந்து கொலையில் மூழ்கிப்போனேன். முல்லைத்தீவு பஸ் என் மூக்குக்கு முன்னால் போனதும் தெரியாது.

வாசித்து முடித்ததும் நாவலோடு நெடுங்கேணிக்குப் போனேன். அங்கே தவராசா என்றொரு பொடியன், தாயோடு இருந்து வயலில் கமம் செய்கிறவன். நாவலை அவனிடம் வாசிக்கக் கொடுத்து, பாடமும் எடுத்தேன். "சேகரன் எண்டு மட்டும் வாய் திறக்காதை. மார்க்கண்டுதான் கெட்டிக்காரன் எண்டு சொல்லு." பொடியன் தலையாட்டினான்.

பொம்பிளை பார்க்க வந்த நாளில் மழை கொட்டியது. நான் விடிய எழும்பிச் சைக்கிளில் பரந்தன் சந்திக்குப் போய், தாயையும் மகனையும் தர்மபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பின்னால் நனைந்து நனைந்து மிதித்து வந்து சேர்ந்தேன்.

தேத்தண்ணி வந்தது. கேள்வியும் வந்தது. நான் தவராசாவுக்குக் கண்ணைக் காட்டினேன்.

"சேகரனோ மார்க்கண்டோ, ஆர் கெட்டிக்காரன் எண்டு நான் யோசிக்கேல்லை" என்றான் படுபாவி. "எனக்கு வேறை ஒரு யோசினை. மார்க்கண்டு விடிய வெளிக்கிட்டு, மழையிலை நனைஞ்சு, தெருத்தெருவாய் அலையிறார். கடைசியிலை மாலை சேகரனுக்கு விழுகுது. அந்த மனிசன் எப்ப சாப்பிட்டவர்? கதை முடியுமட்டும் அவருக்கு ஒருத்தரும் ஒரு பிடி சோறு போடேல்லை."

நல்ல சாப்பாட்டு ராமனைத்தான் கூட்டி வந்திருக்கிறாய் என்பதுபோலக் கனகலிங்கத்தார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கந்தோர்க்காரனின் முகம்தான் அங்கே தெரிந்தது.

குசினி வாசலில் சிரிப்புக் கேட்டது. அருந்ததி முன்னால் வந்து நின்றாள்.

"நானும் பக்கம் பக்கமாய்த் தேடினனான். அந்த ஆள் ஒரு தேத்தண்ணி குடிச்சதாய்க்கூட எழுதேல்லை." பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, சோத்தை வடியுங்கோ. எல்லாரும் கை நனைச்சிட்டுத்தான் போகவேணும்."

பேச்சு முடிவாகாத வீட்டில் மாப்பிள்ளைப் பகுதி கை நனைப்பதில்லை. தேத்தண்ணியோடு எழும்பிவிடுவார்கள். சோறு என்றால் சம்மதம். கனகலிங்கத்தார் தவராசாவின் தாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சரி பிள்ளை" என்றார் தாய். "எனக்கும் பசிக்குது."

எனக்கு வந்த சந்தோஷத்தில் எழும்பிச் சைக்கிளை எடுக்கப் போனேன். தரகனின் வேலை அவ்வளவுதானே. நான் பொருத்திவிட்ட வீடுகள் எத்தனையோ. சோறு போடும் நேரத்துக்கு நான் எப்போதும் வெளியே ஒழுங்கையில்தான் நிற்பேன்.

"வீரகத்தியண்ணை, எங்கை போறியள்?" அருந்ததி ஒரு கையில் துவாயும் மறு கையில் வாழையிலையுமாக நின்றாள். "விடியத் தொடக்கம் நீங்கள்தானே நனைஞ்சு திரியிறியள். தலையைத் துடைச்சிட்டு இருங்கோ."

முதல் இலை எனக்குத்தான் விழுந்தது. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். கண் கலங்கியதற்குக் குழம்பின் உறைப்பைச் சாட்டினேன். அவள் இரண்டாம் தரம் சோறு போட வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.