சுவர்ணாவை யார் நம்புவது

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் விசைத்தறிச் சேலைகளுக்கு டிசைன் வரைந்து கொடுக்கும் நாகபூஷணம், தன் கடைக் கம்ப்யூட்டரை அணைத்து, ஒரு பழைய துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். தேவசேனா உள்ளே வந்தபோது உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நான் வரைஞ்ச மயில் பார்டரு புத்தூருல ஒருத்தன் தறியில ஓடிக்கினு இருக்குது. நான் இன்னும் யாருக்குமே குடுக்கல. உன் சுவர்ணா இங்க வந்த அப்புறந்தாம்மா இப்படி," என்றார்.

சுவர்ணா என்பது தேவசேனாவும், அவளோடு கல்லூரியில் படித்த ஹரிபிரசாத்தும் திருப்பதியில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கிய ஆப்பரேட்டிங் சிஸ்டம். புதிய விண்டோஸ் ஏறாத பழைய கம்ப்யூட்டர்களிலும் அது ஓடும். திரையில் எல்லாம் தமிழிலோ தெலுங்கிலோ வரும். தேவசேனா நகரி நெசவுக் குடும்பத்துப் பெண் என்பதால் டிசைன் கடைக்காரர்கள் அதை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். சம்மதித்தார்களே தவிர, நம்பவில்லை. சும்மா கொடுக்கிறவனுக்கு வேறு எங்கோ வரும்படி இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் வரைய உட்காருவார். இதையெல்லாம் கேட்டு அவள் சிரித்திருக்கிறாள்.

"எங்க சிஸ்டம் எதையும் வெளிய அனுப்பாது மாமா," என்றாள்.

"அதை நீ பாத்தியா, இல்ல உன்கூட இருக்கிற அந்தப் பையன் சொன்னானா?"

திரை, எழுத்துரு, மொழி எல்லாம் அவள் வேலை. நெட்வொர்க் பகுதி முழுக்க ஹரிபிரசாத் எழுதியது. அதை அவள் ஒருநாளும் திறந்து படித்ததில்லை.

திருப்பதி திரும்பியதும், ஹரிபிரசாத் சித்தூருக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து ஒரு சோதனை செய்தாள். சுவர்ணா போட்ட ஒரு கம்ப்யூட்டரில் சேலை டிசைனைத் திறந்து வைத்து, அதிலிருந்து என்ன வெளியே போகிறது என்று தன் லேப்டாப்பில் கவனித்தாள். வெகுநேரம் ஒன்றும் போகவில்லை. அப்பாடா என்றிருந்தது. பிறகு டிசைன் சாஃப்ட்வேர் திடீரென்று உறைந்து நின்றது. அந்த நொடியில் ஏதோ ஒன்று கிளம்பி, அவளும் ஹரிபிரசாத்தும் வைத்திருந்த சர்வருக்குப் போயிற்று. பிரித்துப் பார்த்தாள். திரையில் இருந்த டிசைன் அப்படியே ஒரு படமாக இருந்தது.

ஹரிபிரசாத் வந்ததும் கேட்டாள். அப்படி எதுவும் கிடையாது என்றான். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டிய பிறகு குரல் இறங்கியது. எங்கே பிழை என்று தெரிந்துகொள்ளச் சோதனைக் காலத்தில் வைத்ததாம், எடுக்க மறந்துவிட்டதாம். சர்வரில் அந்த மயில் பார்டரும் கிடந்தது. தான் யாருக்கும் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தான். முதலில் ஏன் இல்லை என்றாய் என்று அவள் கேட்டபோது மட்டும், சித்தூர் போய்வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

அடுத்த வாரமே உண்மை தெரிந்தது. நாகபூஷணத்தின் கடையில் வேலை பார்த்தவன்தான் பென்டிரைவில் டிசைனை எடுத்துப் போய்ப் புத்தூரில் கொடுத்திருந்தான். நம் மேல் பழியில்லை, அடுத்த அப்டேட்டில் சத்தமில்லாமல் அதை எடுத்துவிடலாம் என்றான் ஹரிபிரசாத். அவள் கேட்கவில்லை. நகரிக்குப் போய், சுவர்ணா அனுப்பிய படங்களைப் பற்றி நாகபூஷணத்திடம் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் கம்ப்யூட்டர் மேல் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"திருடனது நீ இல்ல. ஆனா கதவைத் தொறந்து போட்டது நீதானேம்மா," என்றார். "எடுத்துடு."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவளே தன் கையால் சுவர்ணாவை அழித்தாள். செய்தி பரவி மற்ற கடைகளும் அதை அழிக்கச் சொல்லி அழைத்தன. இரண்டு கடைகள் மட்டும் வைத்துக்கொண்டன.

படம் அனுப்பும் பகுதியை நீக்கி, சர்வரில் இருந்தவற்றையும் அழித்தார்கள். ஹரிபிரசாத் இன்னும் அவளோடுதான் வேலை செய்கிறான். அவன் எழுதிக் கொடுப்பதை அவள் வரி வரியாகப் படித்த பிறகே சேர்க்கிறாள். இதுவரை வேறு தவறு எதுவும் அகப்படவில்லை. அவள் படிக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.