தவறான துளையில் ஒரு ஸ்க்ரூ

1

இந்தக் கதை என் டேப்லெட்டின் சார்ஜ் துளையில் பிறந்தது. கேலி இல்லை. வாரப் பத்திரிகைக்கு என் தொடரின் கடைசி அத்தியாயம் போக வேண்டும். ஆசிரியர் போன் மேல் போன். டேப்லெட்டோ சார்ஜ் ஏற மாட்டேன் என்று மல்லாந்துவிட்டது. பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்கார அம்மாள் அதை உருப்பெருக்கியின் கீழே வைத்து, மெல்லிய மரக்குச்சியால் துளையைக் கிளறினார். என் பையின் பஞ்சு உருண்டை உருண்டையாக வெளியே வந்தது.

"பையைத் துவைங்க சார். டேப்லெட்டுக்கு ஒரு கேடும் இல்ல."

"எவ்வளவு?"

"அழுக்கு எடுத்ததுக்கெல்லாமா காசு? உட்காருங்க, கொஞ்சம் சார்ஜ் ஏறட்டும்."

உட்கார்ந்தேன். கதை வாடை அடித்தது.

2

முதல் தொடக்கம்: 'கடையின் ஷட்டருக்கு அடியிலிருந்து சிவப்பாக ஏதோ கசிந்து...'

அடித்துவிட்டேன். அங்கே கசிவதென்றால் போனின் சர்க்யூட் போர்டைத் துடைக்கும் ஸ்பிரிட் மட்டும்தான்.

இரண்டாம் தொடக்கம்: 'உடைந்த போனைத் திறந்தவள் உறைந்து போனாள். உள்ளே ஒரு மரண வாக்குமூலம்...'

இதை அந்த அம்மாளிடமே படித்துக் காட்டினேன். "நாங்க கஸ்டமர் போனுக்குள்ள எட்டியே பாக்கறதில்ல சார். பாஸ்வேர்டு கூடக் கேக்க மாட்டோம். அவங்களே வந்து திறந்து சரிபார்த்துக்கணும். உங்க கதைக்காக எங்க பேரைக் கெடுத்துடாதீங்க" என்றார்.

மூன்றாவது தொடக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. அது பெஞ்சுக்கு எதிரிலேயே நடந்தது.

[வாசகருக்கு: அந்த அம்மாளை இனி 'அண்ணி' என்கிறேன். கடையில் கூட வேலை பார்க்கும் அவருடைய நாத்தனார் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்களுக்கும் அவர் அண்ணியாகிவிட்டார்.]

3

அதே தெருவில் மற்ற போன் கடைகள் ஈ ஓட்டுகின்றன. இங்கே பெஞ்சில் இடம் கிடைக்காது. ஏன்?

கடையில் இரண்டு மேசைகள், நீல ரப்பர் விரிப்பு. உருப்பெருக்கியில் தெரிவதெல்லாம் சுவரில் இருக்கும் டிவியிலும் தெரியும். உங்கள் போனின் வயிற்றை அறுப்பதை நீங்களே பார்க்கலாம். எந்த மருத்துவமனையும் தராத சலுகை.

"திறக்கறதுக்கு முன்னாடியே தொகையைச் சொல்லிடுவோம். அப்புறம் ஏத்த மாட்டோம். கழட்டின பழசைக் கவர்ல போட்டுக் கையில கொடுத்துடுவோம். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுவோம்" என்றார் அண்ணி.

"இதுல லாபம் எங்கே இருக்கு?"

"திரும்பி வர்ற போன் நஷ்டம் சார். திரும்பி வர்ற ஆளு லாபம்."

நாத்தனார் நிமிராமலே சொன்னார்: "இதை நம்பாதீங்க சார். டிஸ்ப்ளே விக்க வர்றவர்கிட்ட அண்ணி பேரம் பேசறப்ப வந்து பாருங்க. அழுதுட்டே போவாரு. அங்க இருக்கு லாபம்!"

"வாயைக் குறைச்சுட்டு வேலையைப் பாரு."

(எனக்கு இந்த இருவர் மேலும் சந்தேகம் வந்தது. அண்ணியும் நாத்தனாரும் ஒரே கடையில், ஒரே வரவில், முறைப்பு இல்லாமலா? என் தொடர்களில் இப்படி ஒரு ஜோடி வந்தால் மூன்றாம் வாரம் ஒருத்தி போலீஸ் ஸ்டேஷனில் இருப்பாள். இங்கே இல்லை. கதாசிரியனுக்கு இது பெரிய இடைஞ்சல்.)

4

பள்ளி மேலாளரான ஒரு பெண்மணி உள்ளே வந்தார். மாணவர்களின் டேப்லெட்டுகளைப் பராமரிக்க ஒரு கடையைத் தேடுகிறார். முதலில் தன் சொந்த போனை நீட்டினார். கண்ணாடி மட்டும் விரிசல்.

"இதை மாத்துங்க. உங்க கைவேலையைப் பாத்துட்டு மத்ததைப் பேசலாம்."

அண்ணி அவர் முன்னாலேயே கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் சோதித்தார். எல்லாம் வேலை செய்தன. மேலாளர் பக்கத்துக் கடைக்குப் போனார். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் நனைந்த போனோடு ஓடிவர, "நான் முடிச்சுடறேன் அண்ணி" என்று நாத்தனார் மேலாளரின் போனை வாங்கிக்கொண்டார்.

புது டிஸ்ப்ளே மாட்டியாயிற்று. அதன் இணைப்பை மூடும் சின்னத் தகட்டைத் திருக வேண்டும். அதற்குரிய ஸ்க்ரூக்கள் எல்லாம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்று மட்டும் மயிரிழை அளவு கூடுதல் நீளம். கழற்றும்போது எடுத்த இடத்து வரிசையிலேயே விரிப்பில் வைப்பது கடை வழக்கம். அவசரத்தில் அவர் முழங்கை வரிசையை இடித்துவிட்டது. திரும்ப அடுக்கினார். திருகினார். ஓர் இடத்தில் இறுகியது. 'இன்னும் அரைச் சுற்று' என்று கொடுத்தார்.

போன் கண் திறக்கவில்லை.

அண்ணி வந்து ஸ்க்ரூவை எடுத்துப் பார்த்தார். குட்டையான துளையில் நீளமானது போய், அடியில் இருந்த போர்டைக் குத்தி, மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகளை அறுத்துவிட்டிருந்தது. டிவியில் அது குண்டு பாய்ந்த காயம் போலத் தெரிந்தது.

"டிவியை அணைச்சிடட்டுமா அண்ணி?" என்று நாத்தனார் ரிமோட்டை எடுத்தார்.

5

இப்போது அண்ணியின் மனதுக்குள் நுழைய வேண்டும். என் தொடர்களில் தட்டாமலே நுழைந்துவிடுவேன். இங்கே கை தயங்குகிறது. மூன்று வழிகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: 'கீழ விழுந்தப்பவே உள்ள அடி மேடம். திறந்ததும் போயிடுச்சு' என்கிறார் அண்ணி. மேலாளர் நம்புகிறார். ஊரில் பாதிக் கடைகள் சொல்வதும் இதைத்தான். அண்ணியின் வாயில் இந்த வசனத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

இரண்டு: அதே மாடல் போன் ஒன்றை வாங்கி வந்து ரகசியமாய் மாற்றி... [துப்பறியும் தொடருக்கு ஆகும். எடுத்து வைத்திருக்கிறேன்.]

மூன்று: நடந்தது.

6

"எதுக்கு அணைக்கணும்?" என்றார் அண்ணி. "காயத்தை இன்னும் பெருசாக் காட்டு."

மேலாளர் திரும்பி வந்தபோது டிவி முழுக்க அந்தக் காயம்தான்.

"உங்க போன் மேடம். கண்ணாடி மாத்தறப்ப நாங்க தப்பான ஸ்க்ரூ போட்டுட்டோம். போர்டு அறுந்துடுச்சு. இப்ப உங்க கண் முன்னாடியே கம்பி போட்டுப் பாக்கறேன். வரலைன்னா வேற போன் எங்க பொறுப்பு."

மேலாளர் உட்கார்ந்தார். அண்ணி தலைமுடியை விட மெல்லிய கம்பியை எடுத்து, அறுந்த முனைகளைச் சுரண்டி, ஒரு பக்கம் பற்றவைத்தார். மறுபக்கம். என் வாழ்நாளில் எத்தனையோ துரத்தல் காட்சிகள் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட நான் இப்படி மூச்சைப் பிடித்ததில்லை.

"யாரு மாட்டினது?" என்றார் மேலாளர்.

"கடை" என்றார் அண்ணி.

"நான்தான் மேடம்" என்றார் நாத்தனார்.

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. எங்க டேப்லெட் எதுவும் இவங்க கைக்குப் போகாதுன்னு சொல்லுங்க. மேல பேசலாம்."

நாத்தனார் விரிப்பைப் பார்த்தபடி எழப்போனார். அண்ணி இடது கையால் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். வலது கை கம்பியிலிருந்து அசையவில்லை.

"அப்படிச் சொல்ல மாட்டேன் மேடம். டேப்லெட் வந்தா முதல்ல இவ கைக்குத்தான் போகும். இனிமே இந்த ஊர்ல இவளை மாதிரி ஸ்க்ரூ பாத்து மாட்ட ஆள் கிடையாது."

பற்றவைத்த இடத்தை மூடப் பச்சைப் பசை வைத்து, நீல விளக்கில் காயவைத்தார். தகடு. ஸ்க்ரூவை நாத்தனாரிடமே நீட்டினார். நாத்தனார் அதை விரல் நுனியில் வைத்து அளந்தார், சரியான துளையில் விட்டார், இறுக்கம் தொடங்கிய இடத்தில் நிறுத்தினார். பிறகு போனின் பட்டனை அழுத்தி

7

வாக்கியத்தை முடிக்கத்தான் நினைத்தேன். இதுவரை எழுதியதை அண்ணியிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதோட நிறுத்துங்க சார். ஆர்டர் வந்துச்சுன்னு எழுதினா, உண்மை சொன்னா ஆர்டர் வரும்னு ஆயிடும். வரலைன்னு எழுதினா, பொய்யே சொல்லியிருக்கலாமேன்னு ஆயிடும். ரெண்டும் எங்க கடைக்கு ஆகாது."

வாரா வாரம் 'தொடரும்' என்று கொக்கி போட்டு நிறுத்தியே பிழைத்தவன் நான். இப்படி ஒரு கொக்கி எனக்கு வாய்த்ததில்லை.

ஆகவே, இனி உங்கள் பாடு. போனை ஒளிரவையுங்கள், அல்லது இருட்டாகவே விடுங்கள். மேலாளரைக் கைகுலுக்கவையுங்கள், அல்லது படியிறங்கி எதிர்க் கடைக்கு அனுப்புங்கள். எல்லாம் உங்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும். எந்த முடிவை எழுதினாலும், நாத்தனாரை அந்த மேசையிலிருந்து எழுப்பிவிடாதீர்கள்.