ஒட்டக் கறந்த சீம்பால்

ஜஹானாரா தன் பசு ரோஜாவின் காதைத் தொட்டுப் பார்த்தாள். காது சில்லிட்டுக் கிடந்தது. நேற்றுக் காலையில்தான் கன்று போட்டாள், மூன்றாவது ஈத்து. இன்றைக்கு என்னவென்றால், கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டு, எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். கன்று முட்டுகிறது, முனகுகிறது. ஊஹூம், பெற்றவளுக்கு அந்த நினைப்பே இல்லை.

பல்லாவரத்தில் இருக்கும் மாட்டு டாக்டர் பக்தவச்சலத்துக்கு செல்லில் போட்டாள்.

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்கம்மா. இப்ப அதால முழுங்க முடியாது, நுரையீரலுக்குப் போயிடும். ஒருக்களிச்சுச் சாயாம மூட்டை வச்சு முட்டுக் குடுங்க. நேத்து பால் எவ்வளவு கறந்தீங்க?"

"கொஞ்சந்தான் சார்" என்றாள், நாக்கூசாமல்.

கொஞ்சமாவது! எதிர் ஃபிளாட்டில் ஐந்து வீட்டுக்குச் சீம்பால் தருவதாக ரோஜா சினையாக இருந்தபோதே வாக்குக் கொடுத்திருந்தாள். கோவிலம்பாக்கத்தில் பாக்கெட் பால் குடிக்கிற ஜனங்கள் அவளை வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிட்டதில் தலைகால் புரியவில்லை. மடியில் சொட்டு மிச்சமில்லாமல் இரண்டு வேளையும் ஒட்டக் கறந்துவிட்டாள்.

தவிட்டு மூட்டையை இழுத்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது எதிர் ஃபிளாட் ரத்தினபாய் டீச்சர் சீம்பால் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதென்று அடியில் கொஞ்சம் சர்க்கரை போட்டிருந்தார். "வெல்லம் போட்டுக் காய்ச்சினேன் ஜஹானாரா. பேரன் கிண்ணத்தையே வழிச்சிட்டான்" என்றவர், மாட்டைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தார். ஜஹானாராவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் நிற்கும்போதே மறுபடி செல்லை எடுத்தாள்.

"சார், பொய் சொல்லிட்டேன் சார். மொத்தமும் கறந்துட்டேன்."



"நல்லவேளை இப்பவாவது சொன்னீங்க. ஒடம்புல இருக்கற சுண்ணாம்புச் சத்து பூரா பாலோட போயிருக்கு. அந்த மருந்து எங்கிட்ட இல்ல, கடையில வாங்கிட்டு வரணும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, சந்தைக் கூட்டம் வேற, வர நேரமாகும்."

வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடினாள். பக்கத்து வீட்டு பொன்னுரங்கம் மட்டும் வந்தார், இஞ்சிக் கஷாயமும் மூங்கில் குழாயுமாக.

"தாடைய புடி, ஊத்திடலாம்."

"வேணாம்ண்ணா. டாக்டர் ஊத்தக் கூடாதுன்னாரு."

"நா பாக்காத மாடா? அவுரு வர்றதுக்குள்ள இது பூடும். அப்பால குத்துதே கொடையுதேன்னு எங்கைல வந்து அழாத."

அந்த வார்த்தை அவளை அறுத்தது. ஒருவேளை மனிதர் சொல்வதுதான் சரியோ? நேற்றைக்கும் எல்லாம் தனக்குத் தெரியுமென்றுதானே ஒட்டக் கறந்தாள்? ரோஜாவின் முகத்தை மறைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதன் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ போண்ணா" என்றபோது அழுதுவிட்டாள்.

டாக்டர் வந்தபோது ரோஜாவின் கண் பாதி செருகியிருந்தது. கழுத்து நரம்பில் ஊசியைச் செருகி, மருந்து பாட்டிலை, அதுவரை போகாமல் ஓரமாக நின்றிருந்த பொன்னுரங்கம் கையிலேயே கொடுத்தார். "ஒசத்திடாதீங்க. வேகமா எறங்கினா இதயம் நின்னுடும்." மருந்து துளித்துளியாக இறங்கியது. பாதி பாட்டில் இறங்கியதும் ரோஜாவின் தொடை நடுங்கியது. பிறகு, வயிறு வேலை செய்யத் தொடங்கியதுபோல், பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது.

பாட்டில் முடிந்து கால் மணிநேரம் இருக்கும், பின்னங்கால்கள் உதறிக்கொண்டு மேலே எழும்பின. முன்னங்கால் முட்டி மட்டும் தரையில் ஊன்றியபடி நின்றது.

"யாரும் தொடாதீங்க" என்றார் டாக்டர்.

ஜஹானாரா நீட்டிய கையை மடக்கவில்லை, தொடவுமில்லை. ரோஜாவின் முட்டி ஒரு விரற்கடை உயர்ந்தது, சாணத்தில் வழுக்கியது, மறுபடி ஊன்றி இன்னும் கொஞ்சம் எழும்பியது.