பதினோரு வாட் பெருமை

மீட்டரம்மாவிடம் எந்தப் பொருளைக் காட்டினாலும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கமாட்டாள். எத்தனை வாட் என்றுதான் கேட்பாள். மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதிக்கிற அறையில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவள் வேறு எப்படி இருப்பாள்? ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு யாராவது யோசித்தால் அவளுக்கு நெஞ்சு படபடத்துவிடும். மீட்டரம்மா என்ற பெயரை வைத்தது மாடி வீட்டில் இருக்கும் நாத்தனார். "அண்ணி, உங்க வீட்டுல மூச்சு மட்டும்தான் தாராளமா விடலாம்" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

அவள் வீட்டுக்காரர் கட்டடப் படம் வரைகிறவர். பன்னிரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் வரைந்துவிட்டு, போன மாதம்தான் வேலையை விட்டுச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். முதல் வேலையாக ஒரு கண் டாக்டரின் புது மருத்துவமனை கிடைத்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரோ ஒரு சுவரைத் திருப்பிக் காட்டுவதற்குள் மனுஷன் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

"கம்ப்யூட்டர் என் பொறுப்பு" என்றாள் மீட்டரம்மா.

வாக்குக் கொடுத்தபடி செய்தும் காட்டினாள். லேப்டாப்பில் போடுகிற ரகத்துச் சின்ன பிராசசர், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய போர்டு, சத்தம் போடும் ஃபேனுக்குப் பதிலாகப் பெரிய அலுமினியத் தகடு. எல்லாம் ஒரு டிபன் டப்பா அளவு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. சுவர் பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் தன் அளவுமானியைச் செருகிப் பார்த்தாள். முழு மூச்சாக வேலை செய்யும்போது ஐம்பத்தெட்டு வாட். சும்மா இருக்கும்போது வெறும் பதினொன்று! வேகமோ, பழையதைப் போல எட்டு மடங்கு. தலைகால் புரியாத சந்தோஷத்தில் நாத்தனாரை மாடியிலிருந்து கூப்பிட்டு அந்தப் பதினொன்றைக் காட்டினாள்.

"இதுக்கு ஆரத்தி எடுக்கணுமா அண்ணி, இல்ல பார்த்துட்டுப் போனா போதுமா?"

அளவுமானியைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, கம்ப்யூட்டரை மேஜைக்கு அடியில் இருந்த வழக்கமான பிளக் பலகையில் செருகினாள். திங்கள்கிழமையிலிருந்து பிடித்தது சனி.

வீட்டுக்காரர் வரைந்துகொண்டே இருப்பார், ஒன்றும் ஆகாது. கையைப் பின்னந்தலையில் கட்டிக்கொண்டு, மாடிப்படி இடப்பக்கம் வரலாமா வலப்பக்கம் வரலாமா என்று யோசிக்க ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் பெட்டி பொட்டென்று அணைந்துவிடும். யோசிப்பதற்கு முன்னால் படத்தைச் சேமிக்கிற புத்தி அவருக்கு அன்றைக்கு இல்லை. மாடிப்படி மூன்று முறை காணாமல் போனது. அதன் பிறகு சேமிக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் யோசிக்கவே பயந்துபோனார்.

மீட்டரம்மா அலுவலகத்திலிருந்து வந்து உட்கார்ந்தால் பெட்டி சமர்த்தாக ஓடும். பிளக் பலகையிலிருந்து பிடுங்கி, அளவுமானியைப் போட்டு, நேராகச் சுவரில் செருகி இரண்டு மணி நேரம் பிழிந்தெடுப்பாள். இமைகூட ஆடாது. மெமரியைக் கழற்றி மாட்டினாள், அடாப்டரை மாற்றினாள். ஒரு குறையும் இல்லை. எல்லாம் முடிந்ததும் ஒழுங்காகப் பலகையிலேயே திரும்பச் செருகிவிடுவாள்.

"நான் உட்கார்ந்தா ஒண்ணும் ஆகலையே. நீங்க எங்கயோ கையை வைக்கிறீங்க" என்றாள் புதன்கிழமை, நாத்தனார் எதிரிலேயே.

"கையை எடுத்தாதான்மா அணையுது" என்றார் அவர்.

"அதெப்படிங்க, கம்ப்யூட்டருக்கு உங்களைக் கண்டா மட்டும் ஆகாதா?"

அவர் திரும்பிப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, "எனக்குச் சொந்தத் தொழில் ஒத்துவராதுபோல" என்று மெதுவாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மீட்டரம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். மணி ஒன்றரை. படத்தில் மாடிப்படியும் வாசல் பக்கமும்தான் பாக்கி. "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் இங்க உட்கார்ந்து கவனிக்கிறேன்" என்று மேஜைக்கு அடியில் தரையில் உட்கார்ந்தாள். மேலே மௌஸ் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. நாற்காலி பின்னால் சாய்ந்தது. யோசிக்கிறார்.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். அவள் காதுக்குப் பக்கத்தில், பிளக் பலகைக்குள்ளே, 'டிக்'.

மேலே பெட்டி அணைந்தது.

அவர் எழுந்து, போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். மீட்டரம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி 'டிக்'. பலகையில் சிவப்பு விளக்கு ஒன்றுமே நடக்காததுபோல எரிந்தது.

அந்தப் பலகை அவள் கையாலேயே செய்தது. இரண்டு வருஷத்துக்கு முன், டி.வி.யும் கம்ப்யூட்டரும் அணைத்த பிறகும் துளித்துளியாக மின்சாரம் உறிஞ்சுவது பொறுக்காமல் செய்தாள். அதில் செருகிய ஏதாவது ஒன்று பதினைந்து வாட்டுக்குக் கீழே ஐந்து நிமிஷம் இருந்தால், 'இது அணைந்த பொருள்' என்று முடிவு கட்டி அதற்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி கொடுத்துப் பார்க்கும். பழைய கம்ப்யூட்டர் சும்மா நின்றாலே எண்பது வாட் தின்றதால் பலகைக்கு அதன்மேல் சந்தேகமே வந்ததில்லை. புதுசு பதினொன்றில் பரம சாதுவாகக் காத்திருந்தது. பலகை அதை அணைந்துபோனதாகவே எண்ணிக் கழுத்தைத் திருகியது. இவளோ சோதிக்கும்போதெல்லாம், கணக்கு சுத்தமாக வர வேண்டும் என்று பலகையை விலக்கிவைத்தாள். அட கஷ்டகாலமே!

வெளியில் தெரியாமல் முடித்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் செருகிவிட்டு, 'மெமரி லூசா இருந்தது, சரி பண்ணிட்டேன்' என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? பதினாறு வருஷத்து மானம் பிழைக்கும். அவள் கை பிளக் வரைக்கும் போய்விட்டது.

ஜன்னல் பக்கம் அவர் குரல் கேட்டது. "சார், நான்தான்... நல்லா இருக்கேன் சார். ஒண்ணு கேக்கணும். என்னோட பழைய சீட்டுக்கு ஆள் எடுத்துட்டீங்களா?"

மீட்டரம்மா எழுந்த வேகத்தில் மேஜை விளிம்பு தலையில் நங்கென்று இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே ஓடினாள்.

"வைங்க போனை! தப்பு உங்க மேல இல்லைங்க. என் பலகைதான். நான் செஞ்ச பலகைதான் அணைச்சிருக்கு."

போனில் ஏதோ சொல்லிச் சமாளித்து வைத்தார். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பதினொன்று, பதினைந்து, ஐந்து நிமிஷம், டிக். கேட்டுக்கொண்டே வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.

"அப்போ நான் யோசிச்சது தப்பில்லையா?" என்றார்.

"இல்லைங்க."

"நாலு நாளா நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்னு நினைச்சுட்டு இருந்தேன்மா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்த மீட்டரை வைத்தும் அளந்திருக்க முடியாத சேதாரம், அதுவும் அவள் கையால். "உங்களை நான் பழி சொல்லியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பிளக்கைச் சுவரில் செருகினாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டார். கையைப் பின்னந்தலையில் கட்டிக்கொண்டு, நாலு நாளில் முதல் முறையாக, முழுசாகப் பத்து நிமிஷம் யோசித்தார். பெட்டி பொறுமையாகக் காத்திருந்தது. மாடிப்படி வலப்பக்கம் வந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்குப் படம் போயிற்று. நாலு அடிப்பதற்குள், 'கிடைத்தது, திங்கட்கிழமை பேசுவோம்' என்று டாக்டரிடமிருந்து பதிலும் வந்தது.

சாயங்காலம் நாத்தனார் இறங்கி வந்தாள். "என்ன அண்ணா, படம் போச்சா? அதுல என்னதான் கோளாறாம்?"

அவர் மனைவியைப் பார்க்காமலே, "ஏதோ ஒயர் லூசாம், விடு" என்றார்.

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல நழுவப் பார்த்தார். மீட்டரம்மா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"லூசும் இல்லை, ஒண்ணும் இல்லை. உட்காரு, நான் சொல்றேன். நல்லாச் சிரிச்சுக்கோ. ஆனா உங்க அண்ணன் கை மேல ஒரு குத்தமும் இல்லைன்னு முதல்ல கேட்டுக்கோ."