‘குடோஸ்’ சீட்டில் ஒரு வரி

அகராதி அலுவலகத்தில் தலைமைப் பதிப்பாசிரியர் பதவி காலியானபோது, இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சொற்பிறப்புப் பகுதியைக் கவனித்துவந்தவர், அந்த நாற்காலி தமக்குத்தான் என்று உறுதியாக இருந்தார். அது அவருடைய சகலைக்குப் போயிற்று. மனைவியின் தங்கை கணவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் இவரே சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்த ஆள்.

ஆணை வந்த காலையில் மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

“தங்கச்சிக்குச் சந்தோஷத்துல பேச்சே வரலைங்க. நீங்க அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கல்ல?”

“வேலையா இருக்கேன்.”

“ஒரு வார்த்தைக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகுது?”

“எங்க ஆபீஸ்லயா? சில வார்த்தைக்கு ஆறு மாசம் ஆகும்.”

தடுப்புக்கு அப்பால் எல்லோரும் “குடோஸ் சார், குடோஸ்!” என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அன்று பொருளும் பிறப்பும் எழுதச் சொல்லி அவர் மேசைக்கு வந்திருந்த சொற்சீட்டும், விதியின் குறும்பு, அதே சொல்தான். ‘பாராட்டு, வாழ்த்து’ என்று பொருளை ஒரே வரியில் முடித்தார். வயிற்றெரிச்சலை எல்லாம் பிறப்புக் குறிப்பில் கொட்டினார்: ‘புகழ் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல், ஆங்கிலப் பல்கலைக்கழகக் கொச்சை வழியாகப் பொதுவழக்குக்கு வந்தது. பழைய போர்ப்பாடல்களில், தெய்வம் தான் விரும்பிய வீரனுக்கு அளிக்கும் வெற்றிப்புகழ். தகுதி கேட்கப்படுவதில்லை.’

கடைசி வாக்கியத்துக்கு எந்த நூலிலும் ஆதாரம் இல்லை. தெரிந்தே கையொப்பமிட்டு, தலைமைப் பதிப்பாசிரியர் பார்வைக்கு அனுப்பினார்.

பிற்பகலில் சகலையே சீட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“அண்ணே, பிரமாதம். இந்தக் கடைசி வரி மட்டும் எந்தப் பாட்டுல வருது?”

இவர் சீட்டை வாங்கினார்.

“எந்தப் பாட்டுலயும் வரலை, தம்பி.”

பேனாவை எடுத்து, அளவுகோல் வைத்து, அந்த வாக்கியத்தை அடித்தார். ஏளனமாக ஒரு சொல் வரும் என்று காத்திருந்தார். வந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நானே அடிச்சிருப்பேன். உங்க சீட்டுல என் சிவப்பு மை விழவேணாம்னுதான் எடுத்துட்டு வந்தேன்” என்று சொல்லிச் சகலை எழுந்து போனார்.

தாம் அந்த இடத்தில் இருந்திருந்தால் சிவப்பு மையால் அடித்து, சீட்டை அலுவலகம் முழுக்கச் சுற்றுக்கு விட்டிருப்போம் என்பது இவருக்கு ஐயமின்றித் தெரிந்தது. நாற்காலியை எப்படியும் பொறுத்துக்கொள்ளலாம். இதை எப்படிப் பொறுப்பது?