லண்டன் கப்பலில் வந்த டிரம்

புதன்கிழமை காலை இன்னாசியின் சைடு டிரம்முக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. டிரம்முக்குக் கையெழுத்துப் போட வராது. அதனால் இன்னாசியே போட்டு வாங்கினான். தபால்காரர் ஆட்சேபிக்கவில்லை. "உறவு?" என்று மட்டும் கேட்டார்.

"வாசிக்கிறவன்."

தபால்காரர் அதை எழுதிக்கொண்டு போனார்.

கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. 'தாங்கள் இன்னும் அடையாளம் காணப்படவில்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் பழம்பொருள் அலுவலகத்துக்கு நேரில் வந்து தங்கள் வயதையும் மதிப்பையும் நிரூபிக்கவும். துணைக்கு ஆள் அழைத்து வரலாம். தவறினால் தாங்கள் அண்டாவாகப் பதிவு செய்யப்படுவீர்கள்.'

இது சும்மா மிரட்டல் இல்லை. அடுத்த வீட்டு வியாகப்பனின் ஆர்மோனியத்தைத் தவக்காலத்தில் அலமாரி என்று பதிவு செய்துவிட்டார்கள். மறுநாள் காலை அதில் சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தால் மூன்று தட்டு. வியாகப்பன் இப்போது அதில் சட்டை மடித்து வைக்கிறார். "நல்ல அலமாரி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

தூத்துக்குடியில் கல்யாண ஊர்வலங்களுக்கு முன்னால் இருபத்தேழு வருடமாக டிரம் வாசிக்கிறவன் இன்னாசி. டிரம் அண்டாவாகிவிட்டால் அவன் வெறும் இரண்டு குச்சிகளை ஆட்டிக்கொண்டு நடக்கிற ஆள். ஆனால் அவனைப் பயமுறுத்தியது அது இல்லை. வயது, மதிப்பு என்ற இரண்டு வார்த்தைகள்தான்.

பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணின் அம்மா மரிய செபஸ்தி அவனைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள். "மாப்பிள்ளைக்குன்னு என்ன இருக்கு?" அவனிடம் இருந்தது டிரம் மட்டும்தான். "லண்டன்ல செஞ்சது. நூறு வருசப் பழசு. கப்பல் கேப்டன் ஒருத்தர் அவர் கையாலேயே குடுத்தாரு" என்று சொல்லிவிட்டான். கூடவே கொண்டுபோயிருந்த டிரம்மின் பக்கவாட்டில் இங்கிலீஷ் எழுத்துப் போட்ட பித்தளைத் தகடு பளபளத்தது. மரிய செபஸ்திக்கு இங்கிலீஷ் தெரியாது. பெண்ணைக் கொடுத்துவிட்டாள்.

டிரம் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. தகடு உடைந்த தையல் மிஷினிலிருந்து கழற்றியது.

மரிய செபஸ்தி கேப்டன் கதையைத் தெரு முழுக்கச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கேப்டனுக்குத் தாடி வளர்ந்தது. பிறகு கேப்டனுக்குக் கல்யாணம் ஆயிற்று. போன வருடம் அவருக்கு ஒரு பேத்தி பிறந்தாள்.

கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டதும் மரிய செபஸ்தி எழுந்துவிட்டாள். "மருமவனே, நானும் வாரேன். கேப்டனைப் பத்தி எவனாவது சந்தேகம் கேட்டா நான் சொல்லுதேன்."

"போயிட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து அவன் மனைவி பிரகாசியின் குரல் வந்தது.

அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. முதல் மாடி கிடையாது. மரிய செபஸ்தி சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள். இன்னாசி டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறினான்.

மதிப்பீட்டு அதிகாரியின் பெயர் கோமதிநாயகம். அவர் எழுந்து நின்று டிரம்முக்கு நாற்காலி போட்டார். மற்ற இருவரையும் சுவரோரம் நிற்கச் சொன்னார். பிறகு பென்சிலால் டிரம்மை மெதுவாகத் தட்டி, டாக்டர் மாதிரிக் காதை வைத்துக் கேட்டார்.

"பித்தளை உடம்பு. எட்டுத் திருகு. மேல்தோல் மாத்தினது. அடியில கம்பி இருபது இருக்கணும். ஒண்ணு குறையுது."

"போன பங்குனியில அறுந்து போச்சு, சார்."

"வருத்தமா இருக்கு." அதையும் எழுதிக்கொண்டார். பிறகு தகட்டின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். "இதுல 'வாரம் ஒரு முறை எண்ணெய் போடவும்'னு எழுதியிருக்கு."

"கேப்டன் பேரா இருக்கும்" என்றாள் மரிய செபஸ்தி.

"இருக்கலாம்" என்றார் கோமதிநாயகம். "ஆனா தகடு சாட்சி ஆகாது. பழைய டிரம்முன்னா உள்பக்கம் எண்ணோ வருசமோ இருக்கும். போய்ப் பாத்துட்டு வாரும். ஒண்ணு சொல்லிடுதேன். வயசு பொய்யின்னு ஆச்சுன்னா, அந்த வயசைக் காட்டி வாங்கினது எல்லாத்தையும் திரும்பக் குடுத்திரணும்."

இன்னாசி திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். தோலைத் தூக்கி வைத்துவிட்டு, முதலில் வலது காலையும் பிறகு இடது காலையும் உள்ளே விட்டான்.

உள்ளே நல்ல வெளிச்சமாக இருந்தது. வட்டமாக ஒரு நடைபாதை போனது. வலது கையால் பித்தளைச் சுவரைத் தடவிக்கொண்டே பத்து நிமிடம் நடந்தான். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான். இரண்டாவது சுற்றில் அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. பெஞ்சில் பிரகாசி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ எப்ப வந்த?"

"கல்யாணத்துக்கு மறு வாரமே வந்துட்டேன். நீங்க வீட்ல வாசிச்சுப் பழகும்போது இங்க மட்டுந்தான் சத்தம் கேக்காது."

"அப்ப சோறு?"

"போய்ப் பொங்கி வச்சிட்டு வந்துருவேன்."

அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். "இங்க எங்கயாவது எண்ணு எழுதியிருந்துச்சா?"

அவள் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது. 'முதல் முறையாகச் செய்தேன். வட்டம் சரியாக வரவில்லை. மன்னிக்கவும்.' வருடம் இல்லை. ஊரும் இல்லை.

"பிரகாசி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் தகடு..."

"தையல் மிஷின் தகடு. எங்க வீட்லயும் அதே மிஷின்தான் இருந்துச்சு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே பாத்தேன்."

"பெறவு ஏன் சரின்னு சொன்ன?"

அவள் ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "கேப்டன்னு சொல்லும்போது உங்க ரெண்டு காதும் செவந்து போச்சு. இந்த ஆளுக்குப் பொய் வராதுன்னு தெரிஞ்சுது. அது போதும்னு நெனச்சேன்." அடுத்த மீனை எடுத்தாள். "அம்மாகிட்டச் சொல்லிருங்க. அந்தக் கேப்டன் குடும்பக் கதையை இனிமேயும் என்னால கேக்க முடியாது."

அவன் வெளியே வந்தான். மரிய செபஸ்தி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமி, கப்பல் இல்ல."

"கேப்டன்?"

"அவரும் இல்ல."

"அவரு பொண்டாட்டி?"

"அவுகளை நீங்கதான் கொண்டு வந்தீக, மாமி."

மரிய செபஸ்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுதாள். "தங்கமான மனுசன்" என்றாள். கோமதிநாயகம் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார். இன்னாசியும் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு அவள் மூக்கைச் சிந்தினாள். "சரி. எம்மவளைத் திருப்பிக் குடும்."

கோமதிநாயகம் அதற்கான படிவத்தை எடுத்தார். "மகள் இப்ப எங்க இருக்கா?"

"உள்ள" என்றான் இன்னாசி.

மரிய செபஸ்தி சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு டிரம்முக்குள் இறங்கினாள்.

இருவரும் காத்திருந்தார்கள். மணி நாலரை ஆயிற்று. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. முதலில் சண்டை மாதிரி இருந்தது. பிறகு பாத்திரம் உருளும் சத்தம். அதற்குப் பிறகு மரிய செபஸ்தி சிரித்தாள். கல்யாணமான நாள் முதல் இன்னாசி அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. கோமதிநாயகம் பேனாவைத் திறந்தார்.

"ஏதாவது எழுதியாகணும். அண்டாக்குள்ள ஆளு இருந்தா அது அண்டா இல்ல. டிரம்முக்குள்ள ஆளு இருந்தா அது டிரம்மும் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "வீடுன்னு எழுதுதேன்."

"வயசு?"

"குடிவந்த தேதியிலேருந்து."

"மதிப்பு?"

அவர் குனிந்து டிரம்மின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். குழம்பு கொதிக்கிற வாசம் வந்தது. "மதிப்பு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். பையை எடுத்துக்கொண்டார். மின்விசிறியை நிறுத்தினார்.

"சார், இனிமே இதை வாசிக்கலாமா?"

"வீட்டை எப்படிவே வாசிப்பீரு? தட்டலாம். தட்டினா யாராவது வருவாக."

அவர் போய்விட்டார். இன்னாசி தோலைத் திரும்ப வைத்து எட்டுத் திருகையும் பூட்டினான். இடுப்பிலிருந்து குச்சிகளை உருவினான். பிறகு அவற்றைத் தரையில் வைத்துவிட்டு, விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினான்.

உள்ளே பேச்சு நின்றது.

"யாரு?" என்று கேட்டாள் மரிய செபஸ்தி.

"இன்னாசி."

உள்ளே இருவரும் தாழ்ந்த குரலில் கலந்து பேசினார்கள். நேரம் ஆயிற்று.

"எந்த இன்னாசி?"

அவன் யோசித்தான். சொல்வதற்கு நிறைய இருந்தது போலத்தான் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில் எதுவும் சரியாக இல்லை.

"பொய் சொன்ன இன்னாசி" என்றான்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.